ஷிஜி அக்காவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

ஜூன் 9, 2025, திங்கள்

இன்றும் அந்த வீடியோவைப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று உன்னையே கேட்டுக்கொள்ளாதே நர்மதா.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஷிஜி நிற்கிறார். கையில் மைக் கூட இல்லை. "முப்பத்தாறு மணி நேரம் தூங்காதவ கையில ஊசியக் குடுத்துட்டு, கை ஏன் நடுங்குதுன்னு கேக்கியளா?" அவ்வளவுதான். நாகர்கோவில் பேச்சு. கத்தவே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதை வைத்து, ஷிஜி அக்காவுக்காக நான் நடத்தும் ஃபேன் பேஜில் ஒரு எடிட் போட்டேன். ஸ்லோ மோஷன், பின்னால் பறை, கடைசியில் வெள்ளை கோட் காற்றில் பறக்கிற மாதிரி. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாம் போனில் நோண்டி நோண்டிக் கற்றது. கமெண்டில் ஒரே தீ!

என் அக்கா சௌமியாவிடம் காட்டினேன். அவள் அதே ஆஸ்பத்திரியில்தான் ஹவுஸ் சர்ஜன். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வார்டில் ஒரு வருடப் பயிற்சி. எங்கள் குப்பத்தின் முதல் டாக்டர். ஷிஜி அக்கா அங்கே பி.ஜி. படிக்கிறார், பயிற்சி டாக்டர்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

"அவங்க செக்ரட்ரிடி. ஹீரோ இல்ல" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

சௌமி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நெத்திலி வறுவலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டாள்.

போன வாரம் இரண்டு வார்டுக்கும் இவள் ஒருத்திதான். ரத்த வங்கியில் ரத்தம் வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். வருவதற்குள் ரமாபாய் என்று ஒரு நோயாளி, தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். இப்போது சௌமிக்கு மெமோ. விசாரணைக்குத் தனியாக வர வேண்டுமாம். தப்பு இவள்மேல் என்றால் பயிற்சியை ஆறு மாதம் நீட்டிப்பார்கள். நீட்டித்தால் இந்த வருடம் பி.ஜி. சேர முடியாது. குழந்தை டாக்டர் ஆகணும் என்று எட்டாவது படிக்கும்போதே சொன்னவள்.

"எம்மேலதான் தப்புன்னு எழுதிக் குட்துட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு ஒரு சார் சொல்றாரு."

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டது: "அதெப்டி தனியா வரச் சொல்றான்? நம்ம ஊரு பஞ்சாயத்துல ஒருத்தன கூப்ட்டா, அவன்கூட போட்டுல போனவனும் வந்து பக்கத்துல நிப்பான்ல? உன்கூட எவளும் நிக்க மாட்டாளா?"

"அது ஆஸ்பத்திரிம்மா."

"இருந்தா இன்னா? அங்க கீறவனுங்க மன்சனுங்க இல்லியா?"

நிற்க ஒரு ஆள் இருக்கிறார். நான்தான் சௌமியின் போனைப் பிடுங்கி ஷிஜி அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்.

ஜூன் 14, சனி

ஷிஜி அக்கா எங்கள் வூட்டுக்கு வந்தாங்க. எங்கள் வூட்டுக்கு!! தரையில் உட்கார்ந்து டீ குடித்தாங்க.

"நடந்தத நடந்தபடி சொல்லு, சௌமியா. தப்புன்னு எதையும் எழுதிக் குடுத்துராத. நான் பக்கத்துல இருப்பேன். உம் பேரு வெளிய போவாது, அது எம் பொறுப்பு." விசாரணையில் துணைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார, சங்கத்தில் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். இதுவரை யாருக்கும் விட்டதில்லை. "உனக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்லா, அதான் யோசிக்காவ."

நான் பாதிதான் கேட்டேன். செல்ஃபி கேட்கலாமா வேண்டாமா என்றே மனசு ஓடியது. கேட்டுவிட்டேன்.

"பொறவு பாப்போம் பிள்ளே."

ஜூன் 17, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது! முதல் தடவையாக! இதைச் சும்மா விட முடியுமா? எங்கள் குப்பத்துப் பையன் திலீப் வேலை செய்வது விம்கோ நகர் ஃப்ளெக்ஸ் கடையில்.

"இன்னா சைஸு?"

"பெர்சா."

சௌமி டூட்டியில் இருக்கிறாள். சர்ப்ரைஸ்.

ஜூன் 18, புதன்

கட்டியாச்சு, ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. நடுவில் ஷிஜி அக்கா, ஓரத்தில் சௌமி. 'எங்கள் டாக்டர் சௌமியாவைக் காக்க வந்த சிங்கமே!' கீழே குப்பத்துப் பசங்க எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வரிசையாக. திலீப் சரவெடியும் கொண்டுவந்திருந்தான். "வெடி இல்லாம இன்னா ஃப்ளெக்ஸு?" வாட்ச்மேன் ஓடிவந்தார்: "டேய், உள்ள ஆப்பரேஷன் நடக்குதுடா!"

வீடியோவும் போட்டுவிட்டேன். செம ரீச்.

ஜூன் 19, வியாழன்

அனுமதியை ரத்து பண்ணிட்டாங்க. என்னால.

அதே நாள், மாலை

இன்னா பண்ணி வச்சிகிறேன் நானு? சங்கம் விசாரணையை சினிமா ஆக்கிடுச்சாம். திங்கக்கிழமை பொண்ணு மட்டும் வரணுமாம். மெமோ வாங்கினது இதுவரைக்கும் அவ கூட வேலை பாக்குறவங்களுக்கே தெரியாது. இப்ப டீக்கடைக்காரன் வரைக்கும் தெரியும், போட்டோவோட. சௌமி ஒரு வார்த்தை திட்டல. திட்டித் தொலையேண்டி!

ஷிஜி அக்கா திரும்ப வந்தாங்க.

"என்ன பிள்ளே இது?"

"உங்கமேல இருக்கிற பாசம்க்கா."

"பாசம் சரி. உங்க அக்கா பேர எதுக்கு வாசல்ல கெட்டுன? அந்தப் பேரு வெளிய தெரியாம பாக்கதுதான் எனக்கு மொத வேலையே." பிறகு, "எனக்கு ஃபேன் வேண்டாம், கேட்டியா? அதுவும் சிங்கம்! எங்க வீட்டுல பூனைக்கே பயப்படுவேன்."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இது சங்கம் வைத்தது இல்லை என்று சொல்ல நேரே ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போனாங்க.

ஜூன் 20, வெள்ளி

நானும் திலீப்பும் ஃப்ளெக்ஸைக் கழற்றினோம். வீடியோவை நீக்கினேன். பிறகு அந்த ஃபேன் பேஜையே அழித்துவிட்டேன்.

அப்பா ஃப்ளெக்ஸை விரலால் தட்டிப் பார்த்தது. "நல்லா திக்கா கீதே. வலைக்கு மேல போட்டா தண்ணி எறங்காது."

"நைனா, அது ஷிஜி அக்கா மூஞ்சி!"

"காக்க வந்த சிங்கம்னு நீதானே போட்டுகிறே? வலையைக் காக்கட்டும்."

ஜூன் 23, திங்கள்

கை அரிக்கக் கூடாது என்று காலையிலேயே போனை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்துவிட்டேன். சௌமி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆபீஸ் வாசலில், "நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றார்களாம். நம்ம சௌமி, பஸ்ஸில் மீதிச் சில்லறையைக் கேட்கவே கூச்சப்படுகிறவள், சொல்லியிருக்கிறாள்: "ஷிஜி மேடம் இல்லாம நான் வரல சார். இங்கயே உக்காந்திருக்கேன். எப்ப ரெண்டு பேரையும் கூப்பிடுறீங்களோ அப்ப வரேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஷிஜி அக்கா. டூட்டி முடிந்த ஹவுஸ் சர்ஜன்கள் ஒவ்வொருவராக வந்து கூட உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, போர்டு இல்லை. பெஞ்ச் நிரம்பி, தரையும் நிரம்பி, ஃபைல் கொண்டுபோகிறவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டியிருந்ததாம். ஒருத்தி யார் தோளிலோ சாய்ந்து குறட்டையே விட்டிருக்கிறாள்.

மதியத்துக்கு மேல் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஷிஜி அக்கா பெரிய டயலாக் எதுவும் பேசவில்லையாம். சௌமி நடந்ததைச் சொல்லும்போது தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கடைசியில் ஒரே கேள்வி: "ரெண்டு வார்டுக்கு இவ ஒருத்தியப் போட்டது யாரு சார்? இவ ரத்தம் வாங்கப் போனப்ப அங்க இருக்க வேண்டிய சீனியர் யாரு?"

ஒருவர் ஃபேனைப் பார்த்தாராம். இன்னொருவர் பேனாவைத் திறந்து மூடினாராம்.

ஜூன் 27, வெள்ளி

நீட்டிப்பு இல்லை!!! இனி இரண்டு வார்டுக்கு ஒருவர் என்று போடக் கூடாது. யாரை விசாரணைக்குக் கூப்பிட்டாலும் துணைக்கு ஒருவர் வரலாம்.

சௌமி முதலில் ரமாபாயைப் பார்க்கத்தான் போனாளாம். தையல் பிரித்தாகிவிட்டது. "எங்க ஓட்னே அன்னிக்கி? கூப்டுகினே இருந்தேன்" என்று கேட்டாராம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னாளாம்.

அம்மா வஞ்சிரம் எடுத்து வந்தது. ஷிஜி அக்கா சாப்பிட வந்தாங்க. கரையில் தன் மூஞ்சி பாதி மடிந்து வலைமேல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தா, இதுதான் உருப்படியான வேலை" என்றாங்க. அந்த ஃப்ளெக்ஸ் பக்கத்தில் நின்று என்னோடு செல்ஃபியும் எடுத்தாங்க. எங்கேயும் போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சௌமிக்கு இன்று லீவு. ஆனால் காலையிலேயே வெள்ளை கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு நாள்ல எங்கம்மா கெள்ம்பிட்டே?" என்றது அப்பா.

"ஜூனியர் ஒருத்திய விசாரணைக்குக் கூப்ட்டுகிறாங்க நைனா. ஷிஜி மேடம் என்ன கூடப் போவச் சொன்னாங்க."

அம்மா கூடைக்குள் இருந்து தலையைத் தூக்கவில்லை. "துண்ணுட்டுப் போ. உள்ள எவ்ளோ நேரம் உக்கார வைப்பானுங்களோ."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் நடந்தேன். வெயில், காற்று, வெள்ளை கோட் நிஜமாகவே பறந்தது. போன் கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"யாரு அந்தப் பொண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

"சரி" என்று அவள் பையை வாங்கிக்கொண்டேன். பஸ் வந்தது.