மாலைக்குக் கீழே கிடந்த முகம்

மச்சாள்,

அலுமாரியில் இன்னும் அந்தப் பூச்சி உருண்டை மணம்தான். பேத்தியின் கூறைச்சேலைக்கு இடம் ஒதுக்கப் போனேன். நீ துணியில் சுற்றி வைத்த பெட்டி கையில் பட்டது. படம் திருத்துகிற சீடி உள்ள பெட்டி. அதைத் தூக்கி எறியவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

சுனாமிக்குப் பிறகு வாழைச்சேனையில் நீ ஸ்டூடியோ திறந்தபோது, சனம் உப்புத் தண்ணியில் ஊறிய படங்களோடு வந்தது. அந்தச் சீடியின் களவுக் கொப்பி சந்தியிலேயே கிடைத்தது. நீயோ காப்பை விற்று, கொழும்பிலிருந்து பெட்டியோடு எடுப்பித்தாய். “என்ன கா, சீடிக்கும் சீதனமா?” என்று நக்கலடித்தேன். நீ சிரிக்கவில்லை. “செத்ததுகள்ர முகத்தைத் தொடுற சாமான் கா. களவாக் கிடக்கக் கூடாது. வாங்கிட்டா ஆயுசுக்கும் நம்மட” என்றாய்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னையும் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினாய். “கண் இன்னும் கொஞ்சம் சின்னன்” என்று நான் சொல்ல, நீ திருத்துவாய்.

சண்டை முடிந்தபோது வேறு விதமான தாய்மார் வந்தார்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவர்கள். நீ அப்போதுதான் மாலையைத் தனியாக வரைந்து, கண்ணாடித்தாள் போல முகத்தின் மேல் வைக்கத் தொடங்கினாய். “கடல் கொண்டுபோனதுக்கு மாலை போடலாம். இதுகளுக்கு தாய்தான் சொல்லோணும். வேணாமெண்டா எடுத்துவிடுறன்.”

என் மகனுக்கும் அப்படித்தான். மாலையில்லாத படம் அவனைத் தேடி முகாம் முகாமாக என்னோடு அலைந்து நைந்துபோனது. பிறகு இனசனம் நெருக்கி மாலை போட வைத்தது. “அழாத கா, மாலை தனியாத்தான் கிடக்கு” என்றாய்.

நீயும் கண்ணை மூடிவிட்டாய். உன் கொம்பியூட்டரும் நின்றுபோனது. நீ வேறு சீடிகளில் ஏற்றிவைத்த படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. கல்யாண வீட்டில் தாய்மாமனை மாலையோடு வைப்பதா? மாலையை எடுத்துத் தா என்று பேத்தியிடம் கேட்டேன். கெட்டிக்காரி, மட்டக்களப்பில் இதைத்தான் படித்தவள். புதுக் கொம்பியூட்டரில் உன் சீடியைப் போட்டு, பெட்டியில் உள்ள இலக்கத்தை அடித்தாள். ஏற்கவில்லை.

“அம்மம்மா, இந்த இலக்கத்தைப் பார்த்துத் திறந்துவிடுற இடத்தையே கொம்பனி மூடிட்டாம். இனி மாசா மாசம் கட்டினாத்தான் திறக்கும்.”

“அப்ப நம்ம வாங்கினது?”

“வாங்கல்லயாம். பாவிக்க விட்டிருந்தவங்களாம்.”

மச்சாள், அந்த வார்த்தை எனக்கு இன்னும் செமிக்கவில்லை. காணியை விற்றவன் திரும்பி வந்து படலையைப் பூட்டிவிட்டு, உள்ளே போக வாடகை கேட்கிற கதை. களவுக் கொப்பி போட்டவனிடம் ஒருத்தரும் இலக்கம் கேட்கவில்லை. காப்பை விற்றவளிடம் கேட்கிறார்கள். நல்லவேளை, நீ இல்லை. இருந்திருந்தால் கடைக்காரியாக இல்லை, ஏமாந்தவளாக அந்தத் தாய்மார் முன்னால் நின்றிருப்பாய்.

“ஒரு மாசத்துக்குக் கட்டுவமே” என்றாள் பேத்தி.

“கட்டு. மாமாட படத்தைக் கடைசிக்கு வை. மச்சாள் அந்தத் தாய்மாருக்குச் சொன்ன சொல்லு முதல்ல நிறைவேறட்டும்.”

தாய்மாருக்குச் சொல்லி அனுப்பினேன். கல்குடாவிலிருந்தும் வந்தார்கள். உன் கதிரையில் பேத்தி. என் கதிரையில் நான். “மாலை இருக்கட்டுமா, எடுக்கவா?” என்று உன்னைப் போலவே மெதுவாகக் கேட்டேன். சிலர் இருக்கட்டும் என்றார்கள். ஒருத்தி திரையில் மகளின் கன்னத்தைத் தடவினாள். அவளுக்கு இரண்டு விதமாகவும் அடித்துக் கொடுத்தோம்.

மாசம் முடிந்தால் அது பூட்டிக்கொள்ளும். பெட்டியை மறுபடி துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அவர்கள் என்ன சொன்னாலும் அது நீ வாங்கினது.

கடைசியாக என் மகன். பேத்தி மாலையை எடுத்தாள். சட்டையின் மேல் பித்தான் பூட்டாமல் கிடந்தது. எத்தனை தரம் ஏசியும் அவன் பூட்டினதில்லை. மற்ற எல்லாவற்றையும் திருத்திய நீ, அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாய்.