எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்கும் அப்பா

ஸ்கெல்பி
மார்ச் 2

அன்புள்ள ஏட்ரியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், பின்கட்டுக் கூரை ஒழுகுவதைத் தவிர பெரிய குறை ஒன்றும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இரண்டாவதைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான். நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். அதை இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை, நவம்பரிலிருந்து சூரியனைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள், வயிற்றெரிச்சல் சும்மா விடாது.

இனி அப்பா சமாச்சாரம். போனில் நீயாகக் கேட்பதில்லை, ஆகவே நானாகவே எழுதுகிறேன், தப்பிக்க வழியில்லை. லென் நடத்துகிற பப்பில் முப்பது வருஷமாக மூலை நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். டார்ட்ஸ் அம்பு எறிய ஒரு ஆள் குறையுது வாயேன் நாரிஸ் என்று யார் கூப்பிட்டாலும் "என்னை விட்ருங்கப்பா" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். எங்கள் கல்யாணத்தன்றுகூட எல்லோரும் ஆடும்போது கோட்டுகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்ட மனுஷன். அக்டோபரில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு என்ன தோன்றியதோ, "சரி லென், என்னையும் சேத்துக்கோ" என்று எழுந்தாராம். லென் பலகையில் பெயரை எழுதி முடிப்பதற்குள் விழுந்துவிட்டார். உனக்குத் தெரிந்த கதைதான். பக்கவாதம் வலது கையைப் பாதி விட்டுவைத்தது, பேச்சில் அந்த ஒரே வாக்கியத்தை விட்டுவைத்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜானிஸ், சில பேருக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும் இப்படி நாக்கிலேயே தங்கிவிடுவது உண்டு என்கிறாள். டீ வேண்டுமா என்றாலும் என்னையும் சேத்துக்கோ, குளிக்கலாமா என்றாலும் என்னையும் சேத்துக்கோ, கால் விரலில் நாற்காலி விழுந்தாலும் அதேதான்.

அதனால் நடக்கிற கூத்தைக் கேள். நம் ஊர்க் கூட்டம் உனக்குத் தெரியுமே, இந்த வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் ஆளாளுக்குத் தன் ஷூவைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், யாராவது ஒருத்தர் மாட்டும்வரை இருமல் சத்தம்கூட வராது. ஜனவரிக் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன், வீட்டுக்குள்ளேயே இருந்தால் மனசு சோர்ந்துவிடும் என்று. தேவாலயத்துக்குப் பூ அலங்காரம் யார் செய்வது என்று கூட்டம் நடத்துகிற பிக்கர்ஸ்கில் அம்மா கேட்டாள். எல்லோரும் ஷூவைப் பார்க்க, பின்வரிசையிலிருந்து அப்பா உரக்க "என்னையும் சேத்துக்கோ!" அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஆள் தானாக வந்திருக்கிறது, விடுவாளா. "அடடா, நாரிஸ்தான் மனுஷன், மத்தவங்களும் இருக்கீங்களே" என்று எழுதிக்கொண்டாள். அதே கூட்டத்திலேயே வாத்துப் பந்தயக் குழு, கல்லறை வேலிக்குப் பெயின்ட், பெண்கள் பின்னல் வட்டம் என்று, பூ அலங்காரத்தோடு சேர்த்து நாலிலும் பெயர் ஏறிவிட்டது. நான் பாதியில் எழுந்து விளக்கம் சொல்லப் பார்த்தேன். எனக்கும் ஒரு வேலை கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு கையால் அவர் செருகிய டாஃபடில் பூக்களைப் பார்த்துவிட்டுப் பாதிரியார், வெங்காயப் பாத்தி மாதிரி இருக்கிறது, ஆனால் நேராக இருக்கிறது என்றார். பின்னல் வட்டத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அவர் மறுத்துப் பேச மாட்டார் என்பதால் அந்தப் பெண்களுக்கு அவர்மேல் ஏகப்பட்ட பிரியம். "உன் வீட்டுக்காரர மாதிரி காது கொடுத்துக் கேக்கிற ஆம்பள இந்த ஊர்லயே இல்ல முரியல்" என்கிறார்கள். நான் என்ன சொல்ல.

முதலில் எனக்கும் எல்லாம் ஒரே வார்த்தையாகத்தான் கேட்டது. இப்போது பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. இழுத்துச் சொன்னால் வேண்டாம், கடைசியில் வெட்டினால் கோபம், மெதுவாக இரண்டு தரம் சொன்னால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். நாற்பது வருஷம் வாய் நிறைய வார்த்தை இருந்த காலத்தில் மூன்றாவதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அதையும் நான் சும்மா விடவில்லை, சொல்லிக் காட்டிவிட்டேன்.

உன்னிடம் வருகிறேன் கண்ணு. கிறிஸ்துமஸ் அன்று நீ கூப்பிட்டபோது அவர் அந்த வாக்கியத்தை நாலு தரம் சொன்னார், நீ "அம்மாகிட்ட குடுங்க" என்றாய். அதற்கப்புறம் நீ கூப்பிட்டதெல்லாம் செவ்வாய்க்கிழமை, அவர் ஜானிஸிடம் போயிருக்கிற நேரம். உன்னை ஒன்பதாவது வயதில், படிக்காத பரீட்சைக்கு முன்னால் வயிற்றுவலி வந்த பிள்ளையாக எனக்குத் தெரியும், இது அதே வயிற்றுவலி. திட்டவில்லை. எனக்கும் முதல் மாதம் பயமாகத்தான் இருந்தது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன சனிக்கிழமை உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஈஸ்டருக்கு வரட்டுமா வேண்டாமா, நான் யார் என்றாவது அவருக்குத் தெரிகிறதா என்று கேட்டிருந்தாயே, அந்த வரியை விட்டுவிட்டுத் தாண்டினேன். நான் நல்ல பொய்க்காரி இல்லை. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி விரலை வைத்து வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார், ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. அந்த வாக்கியம்கூட வரவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, அதுவும் ஒரு கை மாட்டாமல், வாசல் நடைக்குப் போய் போன் பக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தார். எங்களுக்குப் பிற்பகல் மூன்று. அங்கே விடியக்கூட இல்லை, பையன் தூங்குவான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை. டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ யார் என்று தெரியாத ஆள் உனக்காகப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார மாட்டார் ஏட்ரியன்.

அதனால் டிக்கெட் வாங்கு. வாங்குவதற்கு முன்னால், இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காலை எட்டு மணிக்குப் போன் பண்ணு, உனக்குச் சாப்பாடு முடிந்த நேரம்தான். நான் எடுக்க மாட்டேன், தேவாலயத்தில் இருப்பேன், எனக்கு அந்த வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய விஷயம் எதுவும் பேச வேண்டாம், உன் வேலை, அங்கே பெய்த மழை, நீ கருக்கின சமையல், எதையாவது சொல்லிக்கொண்டே போ. உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அப்பா போனை எடுத்ததும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அது லைன் கோளாறு இல்லை, வைத்துவிடாதே.

அன்புடன்
அம்மா முரியல்