வண்டி மறக்க வேண்டிய சாவி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அந்தக் கவலை வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். இங்கே என்னோடு வேலை பார்த்து, தவறிப்போன நம் ஊர் நெட்டை அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய மோட்டார் சைக்கிளின் சாவியைப் பட்டறை வாசல் சாக்கடையில் போட்டுவிட்டேன். பயப்படாதீர்கள், சாவிதான் விழுந்தது, நான் விழவில்லை.

சாவிக்கடைக்காரர், "வெறும் சாவி வெட்டினா பூட்டு திறக்கும், வண்டி கிளம்பாது. உள்ள இருக்கிற சிப்பை வண்டி அடையாளம் கண்டுக்கணும். இன்னொரு சாவி இருந்தா கொண்டாங்க, அதை வச்சு நகல் எடுத்துடலாம்" என்றார்.

இன்னொரு சாவி அண்ணனின் துணிமணிப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டது. பெட்டியைக் கட்டியவனே நான்தான். அண்ணியிடம் வாங்கி அனுப்பச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பிலேயே செருகியிருக்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கேட்காதீர்கள்.

"அந்தச் சாவி இல்லாமலும் செய்யலாம். ஆனா பழைய சாவியை வண்டியிலேருந்து அழிச்சிட்டுத்தான் புதுசை ஏத்தணும். அப்புறம் அது வெறும் இரும்பு. யாராவது வச்சிருக்காங்களா?" என்றும் கடைக்காரர் கேட்டார்.

"வச்சிருக்காங்க" என்றேன். அவர் கருவியை மூடி வைத்தார்.

பட்டறைக்கு நடந்துதான் போகிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் அடி கெட்டியான செருப்பு ஒரு ஜோடி கொடுத்தனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் நாலு வரியும் வேண்டும்.

பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, கிளம்புகிறேன். அண்ணி விசாரித்தால், வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்