என் பெயரில் கிடந்த ஃபைல்கள்

மஸ்கட், நவம்பர் 1998

அன்புள்ள சாராள்,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா? எல்லாம் நலம் என்றே அம்மா சொல்வார்கள், நீயே எழுது.

லீவு தள்ளிப்போகிறது. பயப்படாதே. ஆபீசின் பெரிய கம்ப்யூட்டரான மெயின்பிரேமில் எந்த ஃபைல் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று சொல்ல கேட்டலாக்குகள் உண்டு. பெயரின் முதல் சொல்லை வைத்தே எந்தக் கேட்டலாக் என்று தெரியும். நான் எனக்கென்று ஒரு கேட்டலாக் திறந்து வைத்திருந்ததால், அவசரத்துக்கு எல்லோரும் 'ஜோயல்' என்றே தொடங்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சம்பள ஃபைல்கள்கூட என் கேட்டலாக்கில் கிடக்கின்றன. ஏதாவது கெட்டால் நான்தான் சரிசெய்ய வேண்டுமாம், அதனால் நான் போகக்கூடாதாம், மேலாளர் சொல்கிறார்.

கூட வேலை செய்யும் சதுரங்கப்பட்டினத்துக் கிரிஷ் சிரிக்கிறான்: "இன்னா அண்ணாத்த, கம்பெனியையே உன் பேர்ல எழுதி வெச்சிட்டானுங்களா? எத்தினி நாள் பேஜார் பட்டுகினு கீற? பேர மாத்திட்டு வூடு போய்ச் சேரு."

துறைக்கொரு கேட்டலாக் அமைத்து மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் மாற்றினால், மாலைக்குள் எவனாவது என் பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுகிறான். எரிச்சலில், என் பெயரில் யாரும் எதையும் திறக்க முடியாதபடி இன்று தடுத்துவிட்டேன். மேலாளர் கத்தினார், கத்தட்டும்.

ஊறுகாய் வேண்டாம். ஒரு கேசட்டில் ஏதாவது பேசி அனுப்பு. ஜெபமானாலும் சரி, சண்டையானாலும் சரி. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். பிரசவத்துக்குள் வந்துவிடுவேன். வராவிட்டாலும், பிள்ளைக்குப் பெயர் வைப்பதை மட்டும் நிறுத்திவை.

உன்
ஜோயல்