நான் ராஜியாகவில்லை

பேரிகை,
12-8-1956

அன்புத் தம்பி மாரிசாமிக்கு,

அக்கா முனிலட்சுமி எழுதுவது. தங்கவயலில் நீயும் காவேரியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், அவ்வளவுதான். மாசமாயிருக்கிறவளைக் குடம் தூக்க விடாதே. இங்கே மழை பரவாயில்லை. ராகி முளைத்துவிட்டது. களையெடுக்கக் கூப்பிட்டால்தான் ஒருத்தரும் என் காட்டுக்கு வரமாட்டேன் என்கிறார்கள்.

உன் கடிதம் வந்தது. "மாமனக் கொன்னவன் ஊட்டு வெத்தலைய நீயே வாங்கிட்ட, அப்பறம் நான் எதுக்குக் கோர்ட்டுக்கு வரணும்" என்று கேட்டிருக்கிறாய். எவன் சொன்னான் உனக்கு? நடந்ததைக் கேள்.

மடைத் தண்ணீர்ச் சண்டையில் உன் மாமனை வெட்டிய கிருஷ்ணப்பன் ஜாமீனில் வந்து, சந்தையில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான். ஒரு சாயங்காலம் அவன் அம்மா பூவம்மாள் என் வாசலில் விழுந்து அழுதாள். வயசானவள் அழுகிறாளே என்று நானும் அழுதுவிட்டேன். போகும்போது வெற்றிலை பாக்கை நீட்டினாள். நீட்டிய கையைத் தட்டி நமக்குப் பழக்கமில்லையே, வாங்கிவிட்டேன். தெருமுனையில் ஊர்க்கவுண்டர் நாலு பேரோடு நின்று பார்த்தது எனக்குத் தெரியாது. விடிந்ததும் ஊரெல்லாம் ஒரே பேச்சு, முனிலட்சுமி வெற்றிலை வாங்கி ராஜியாகிவிட்டாள் என்று. பாழாய்ப்போன அதை நான் வாயில்கூடப் போடவில்லை, எருமைக்குப் போட்டேன்.

அதையே சாக்காக வைத்து, உன்னோடு நின்று வெட்டினதைப் பார்த்த மற்ற இரண்டு பேரும் சேலம் கோர்ட்டில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வாய்தா என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பிறகு சேலத்துக்கு ஓடி, நான் ராஜியாகவில்லை, ஜட்ஜ் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள் என்று கெஞ்சினேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது உன் கேஸ் இல்லம்மா, சர்க்கார் கேஸ்" என்றார். செத்தது என் புருஷன், கேஸ் சர்க்காருடையதாம். வெட்டினவனுக்குப் பேச வக்கீல் இருக்கிறார். எனக்காக வாதாடுகிறவர் என்று காட்டினார்களே, அவருக்கு என் பெயரே தெரியவில்லை.

வாசலில் நின்ற சேவகர்தான் இரக்கப்பட்டுச் சொன்னார். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை கடைசி வாய்தா. கண்ணால் பார்த்த சாட்சி அன்றைக்கும் வராவிட்டால் கிருஷ்ணப்பனை விட்டுவிடுவார்களாம். உன் பெயருக்கு வந்த சம்மனை, ஆள் ஊரில் இல்லை என்று இங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி நீ ஒருவன்தான் மிச்சம், தம்பி.

மாஸ்தி வழியாக வந்தால் கிட்டம் என்று பேரிகையில் வந்து இறங்கிவிடாதே. அவன் ஆட்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பெங்களூர் சுற்றி ஓசூருக்கு வா. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பஸ் நிற்கிற இடத்தில் நான் நிற்பேன். அங்கிருந்து சேர்ந்தே சேலம் போவோம். வருவதை நம் ஊர்க்காரன் ஒருவனிடமும் மூச்சு விடாதே.

வா என்று எழுதவே மனசு வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. காவேரியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வா. அவள் போகாதே என்றால், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நீ நூறு வயசு இருக்கணும், சாமி.

உன் அக்கா,
முனிலட்சுமி