புதன் உனக்கு, வியாழன் எனக்கு

பீட்டர்ஹெட்
27 அக்டோபர் 2023, வெள்ளி

அன்புள்ள ஹேசல்,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வாசித்துவிட்டாய் என்றால் இன்னும் நாலு வரி வாசித்துவிடு. பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை நம் இரண்டு பேருக்கும் அறுபத்தாறு ஆயிற்று. அன்று காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வங்கிக்குப் போய், அரசாங்கப் பென்ஷன் வந்துவிட்டதா என்று விசாரித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் வரலையே தாத்தா" என்றாள். தாத்தாவாம்! திங்கட்கிழமை போனேன். இன்றைக்கும் போனேன். அதே பதில்தான். வடகடலில் எண்ணெய் மேடையில் முப்பது வருஷம் சமையற்காரனாக இருந்தேன். ஒரு மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் தெரியவில்லை.

இந்த ஊரில் என் வயசுக் கிழங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னோடு அதே நாளில் பென்ஷன் வயதுக்கு வந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். உனக்கு வந்துவிட்டதா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத மனமில்லை என்றாலும் சரி.

நீ இன்னும் அம்மாவின் வீட்டில்தான் இருப்பாய் என்று நம்பி அனுப்புகிறேன்.

உன் தம்பி (இருபது நிமிஷம்தான்),
நெவில்


கிரிம்ஸ்பி
3 நவம்பர் 2023

நெவிலுக்கு,

வீடு அதேதான். ஆளும் அதேதான். முழங்கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

எனக்கு நேற்று, வியாழக்கிழமை, வந்தது. முழுசாக இல்லை, இரண்டு வாரத்துக்கு உண்டானது மட்டும். முதல் தடவை அப்படித்தான் அரைகுறையாக வருமாம். இனிமேல் நாலு வாரத்துக்கு ஒரு முறை வரும், அதுவும் கழிந்துபோன நாலு வாரத்துக்குத்தான். நான் போன் பண்ணிக் கேட்டபோது, "முன்கூட்டியெல்லாம் தரமாட்டோம்மா. வாழ்ந்து முடிச்ச நாளுக்குத்தான் கணக்கு" என்றார் ஒருவர். நமக்குச் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது, சிரித்து வைத்தேன்.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். விண்ணப்பம் போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். அது பிறந்தநாள் கேக் மாதிரி தானாக வந்து மேசையில் உட்காராது, நெவில். கேட்டால்தான் தருவார்கள். கேட்கச் சொல்லி முன்னதாகவே ஒரு கடிதமும் அனுப்புவார்கள். நீ வீடு மாறியதை அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டாய். என்னிடமே சொல்லவில்லையே. உறையின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நீ அபர்டீனை விட்டுப் போய்விட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

உடனே போன் பண்ணு. பிந்திக் கேட்டாலும் விட்டுப்போன நாட்களையும் சேர்த்துத் தருவார்கள். எந்தக் கிழமை வரும் என்பது உன் தேசியக் காப்பீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பொறுத்தது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை என்றால் புதன். அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வரை என்றால் வியாழன். எனக்கு அறுபது. உனக்கு ஐம்பத்தொன்பது. பார்க்காமலே சொல்கிறேன்.

எப்படித் தெரியும் என்கிறாயா? 1974, ஈஸ்டர் சமயம். பள்ளிக்கூடம் முடிந்து வேலைக்குப் போவதற்காக அந்த எண் போட்ட காப்பீட்டு அட்டை வாங்க வரிசையில் நின்றோம். நீ பிறப்புச் சான்றிதழைச் சமையலறை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாய். "ஹேஸ், நீதானே வேகமா ஓடுவே, எடுத்துட்டு வந்துடேன், நான் இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று கெஞ்சினாய். ஃப்ரீமன் தெரு முழுக்க ஓடினேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது உன் முறை வந்துவிட்டது. சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு நீ முன்னால் போய்விட்டாய். அதனால்தான் உன் எண் என்னுடையதற்கு ஒன்று முந்தியது. பிறந்ததிலிருந்து நீ என்னை முந்தியது அந்த ஒரு தடவைதான். அதுவும் என் காலால்.

ஹேசல்


பீட்டர்ஹெட்
8 நவம்பர் 2023

அன்புள்ள ஹேஸ்,

ஐம்பத்தொன்பதுதான். பழைய சம்பளச் சீட்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ மனுஷியா, ரிஜிஸ்தர் ஆபீசா?

போன் பண்ணினேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் பேசினாள். வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் சாவதானமாக, "நீங்க கேக்கவே இல்லையே ஐயா. கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்போமே" என்றாள். போனிலேயே விண்ணப்பம் போட்டேன். நவம்பர் 29, புதன்கிழமை, விட்டுப்போனதும் சேர்ந்து வருமாம்.

அட்டை வாங்கிய நாள் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அங்கிருந்து கிளீதார்ப்ஸ் கடற்கரைக்கு நடந்தே போனோம். உன்னிடம் இருந்த சில்லறைக்கு ஒரே ஒரு வறுத்த ஹேடாக் மீன், இரண்டு பேருக்கும் சேர்த்து. கடைக்காரர் காட் மீன் போடட்டுமா என்றதற்கு, "அதை லண்டன்காரங்களுக்குப் போடுங்க" என்று நீ முகத்தைச் சுளித்தாய். கடற்பாலத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் ஒட்டிய வினிகரைக்கூட விடாமல் நக்கினோம். அட்டையைப் பத்திரமா வை, பென்ஷன் வாங்கும்வரை வேண்டும் என்று நீ சொன்னாய். "அதுவரைக்கும் யாரு உயிரோட இருப்பா?" என்று நான் கேட்டேன். பக்கத்து பெஞ்சு கிழவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அவர்கள் எவ்வளவு இளவட்டமாக இருந்திருப்பார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஹேஸ், கேட்டால்தான் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். மூன்று நாளாக அந்த வரியையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்டுவிடுகிறேன்.

அம்மா புதன்கிழமை போனாள். நான் வியாழக்கிழமை வந்தேன். மூடுபனியால் மேடையிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பவில்லை என்று உன்னிடம் சொன்னேன். மூடுபனி இல்லை. செவ்வாய்க்கிழமையே கரைக்கு வந்துவிட்டேன். அபர்டீனில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை அந்த நிலையில் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு நாள் கழித்துப் போனால் என்ன என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு. இதைக் கேட்க எனக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் என் பங்குக்கும் ஒன்று கேட்க வேண்டும். அடக்கம் முடிந்து நான் கிளம்பி, பஸ்ஸில் நம் வீட்டின் பின்பக்கத்தைக் கடந்தபோது திரும்பிப் பார்த்தேன். நம் கொடியில் படுக்கை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கடலுக்குக் கிளம்பும் நாளில் அம்மா ஒரு துணியைக்கூட நனைக்க மாட்டாள். "துவைச்சா ஆளையும் சேர்த்துக் கடலோட துவைச்சு விட்டுடுவோம்" என்பாளே. அப்பா கடலில் போகாமல் கட்டிலில் போனதற்கே அதுதான் காரணம் என்பாளே. என்னை அனுப்பிய கையோடு என் விரிப்பைத் துவைத்துப் போட்டாயே, ஹேஸ். இனி வராதே என்றுதானே அதற்கு அர்த்தம்? அதனால்தான் வரவில்லை.

நெவில்


கிரிம்ஸ்பி
14 நவம்பர் 2023

அன்புள்ள நெவில்,

உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தேன். படித்துக் காட்டவும் யாருமில்லை.

மூடுபனி இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கடைசி வாரம் அம்மாவின் தலைமாட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. மீன்பிடிக் கப்பல்காரன் பெண்டாட்டி அல்லவா, கடல் வானிலை கேட்காமல் கண் மூடமாட்டாள். உன் பக்கத்துக் கடலில் பார்வை தெளிவு என்று செவ்வாய்க்கிழமை படித்தார்கள். அம்மா சிரித்தாள். "வானம் தெளிஞ்சிருக்கு, நெவில் வந்துருவான் பாரு" என்றாள். மறுநாள் வானிலை கேட்க அவள் இல்லை. வாசலில் நின்று நீ மூடுபனி என்றபோது உன்னை அறையலாம் போல இருந்தது. "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த விரிப்பு உன்னுடையது இல்லை. அம்மாவுடையது. அவள் போனபோது படுத்திருந்தது. ஒரு வாரமாகக் கூடையில் கிடந்தது, வாடை தாங்க முடியவில்லை. நீ வாசலைத் தாண்டியதும் ஊறப்போட்டேன். தண்ணீரில் கை வைத்த பிறகுதான், இன்று நீ கிளம்பும் நாள் என்று உறைத்தது.

இந்த இடத்தில் பொய் சொல்லிவிடலாம். நீ உண்மை எழுதியிருப்பதால் நானும் எழுதுகிறேன். உறைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை, நெவில். போகட்டும், திரும்பி வராமலே போகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அலசினேன். கொடியில் போட்டு முடித்ததும் அம்மாவின் குரல் கேட்டது போல இருந்தது. பிய்த்து எறிந்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். நீதானே வேகமா ஓடுவே என்பாயே, அன்றைக்கு அவ்வளவு வேகமாக ஓடவில்லை. பஸ் போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு வடகடலில் புயல் என்று ரேடியோ சொன்ன ஒவ்வொரு நாளும் அந்த விரிப்பு ஞாபகம் வரும். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே உன் பென்ஷன் கடிதம் வந்துதான் எனக்கு நிச்சயமாயிற்று.

நீ கேட்ட மன்னிப்பைக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

நவம்பர் 30, வியாழக்கிழமை, எனக்கு முதல் முழுப் பென்ஷன். அன்று வா. கிளீதார்ப்ஸில் பெஞ்சை மாற்றிவிட்டார்கள், கடலை மாற்றவில்லை. இந்தத் தடவை ஆளுக்கொரு ஹேடாக். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. நீ கிளம்பும் நாளில் இந்த வீட்டில் ஒரு கைக்குட்டைகூட நனையாது.

ஒன்றே ஒன்று. வியாழன் என்றால் வியாழன். வெள்ளிக்கிழமை வந்து கதவைத் தட்டாதே. இன்னொரு முறை உனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, நீ ஒரு நாள் பிந்தி வந்தால், நான் கதவைத் திறக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெம்பு இல்லை.

உன் அக்கா,
ஹேஸ்


தபால் அட்டை
பீட்டர்ஹெட், 20 நவம்பர்

வருகிறேன்.
நெ.


கதவின் தபால் துளை வழியாகப் போட்டது
29 நவம்பர், புதன், பிற்பகல் 2 மணி

ஹேஸ்,

கதவைத் தட்டினேன். நீ இல்லை. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "மீன் வாங்கப் போயிருக்காங்க. நாளைக்கு அவங்க தம்பி வர்றாராம். ரெண்டு நாளா வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டு இருக்காங்க" என்றாள். நான்தான் அது என்று சொல்லவில்லை. நாளைக்கு வர வேண்டியவன் ஆயிற்றே.

திங்கட்கிழமையே கிளம்பிவிட்டேன். வழியில் டான்காஸ்டரில் தங்கினேன். ஒருவேளை நிஜமாகவே மூடுபனி வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

இன்றைக்கு என் பென்ஷன் வந்திருக்க வேண்டும். போய்ப் பார்க்கவில்லை.

பின்பக்கச் சுவர் மேலாகப் பார்த்தேன். கொடி காலியாக இருக்கிறது.

கடற்பாலத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். புது பெஞ்சோ பழைய பெஞ்சோ, உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். ஓடி வராதே, ஹேஸ். மெதுவாகவே வா. இன்றைக்கு நான் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டேன்.

நெவில்