மூன்று கொதி விட்ட பால்

மாப்ளே,

இன்று கோட்டையூரில் ஒரு புதுமனைப் புகுவிழா. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது, பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் கருகல் வாசம் மூக்கில் ஏறியதும், ஏழுலகுக்கும் பாலளந்த சக்கரவர்த்தியே, உன் நினைப்பு வந்துவிட்டது.

உன்னை நம்பித்தான் ஒரு பால் நிறுவனம் காரைக்குடியில் புது இயந்திரத்தை இறக்கியது. அன்று நீ நடந்த நடையைப் பார்த்தால் ஐராவதம் வெட்கப்படும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பால் ஓடும். கண்ணிமைப்பதற்குள் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். கிருமி சாகும், பால் கொதிக்காது.

"புரதம்ங்கிறது சுருட்டி வச்ச நூல்கண்டு மச்சான். கொதிக்க வச்சா அவுந்து ஒண்ணோடொண்ணு சிக்கிக்கிரும். கரண்டும் அளவு மீறுனா அதே கதிதான். மீற விடமாட்டேன்" என்பாய்.

வாங்குகிறவர்கள் ருசியில் வித்தியாசம் சொன்னால்தான் இயந்திரம் இங்கே நிற்கும் என்றது நிறுவனம். 'காய்ச்சத் தேவையில்லை' என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டாய். நானும் பேருந்து நிலையத்தில் நின்று, அகத்தியர் கடலைக் குடித்தமாதிரி குடித்துக் காட்டினேன்.

கருத்துக் கேட்கப் பக்கத்து ஊரான கல்லலுக்குப் போனோம். முதல் வீட்டில் நான்தான் கேட்டேன்.

"பால் எப்படி இருந்துச்சு தங்கச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. கரண்டு விட்ட பாலுன்னு சொன்னீக. பிள்ளை குடிக்கிறதாச்சே, கரண்டு இறங்கட்டும்னு மூணு கொதி விட்டேன்."

"ருசியில வித்தியாசம்?"

"கொதிக்க வச்சா எல்லாப் பாலும் ஒண்ணுதானேண்ணே."

வீட்டுக்கு வீடு இதே பதில். உன் வீட்டு அடுப்பிலேயே உன் பால் தளதளவென்று கொதித்தது. இயந்திரம் லாரி ஏறிப் போனது. நீ பேச்சைக் குறைத்தாய். பிறகு ஒருநாள் நெஞ்சும் நின்றது.

எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கப் போனோம். "காய்ச்சிக் கொண்டாந்தீகளா?" என்று கேட்டவனை உன் பெரியப்பா முறைத்தார். "பச்சைப் பாலத்தான்டா ஊத்தணும். இதுகூடத் தெரியாதா?"

ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. உயிரோடிருந்தவரை உனக்குக் கொடுக்காத மரியாதையை உன் எலும்புக்குக் கொடுத்தார்கள். சாம்பலில் சூடு ஆறியிருக்கவில்லை மாப்ளே. ஊற்றிய பால் அங்கேயும் சுர்ரென்று கொதித்தது.

இன்று என் கையிலும் ஒரு டம்ளர் தந்தார்கள். மேலே ஆடை படிந்திருந்தது. நீ அவிழாமல் காத்த நூல்கண்டெல்லாம் சிக்கிக் கிடக்கும் ஆடை.

"ஆடை பிடிக்காதா மாமா?" என்றது அந்த வீட்டுப் பெண்.

"ஆகாது தாயி" என்றேன். எங்கே பால் குடித்தாலும் செய்வதுபோல, அதை விரலால் வழித்து ஓரமாக வைத்தேன்.